டிரைவரின் நாவல் இருந்த டிஸ்க்

எங்கள் கடைக் கணினி ஒரு நாள் காலையில் 'டக், டக்' என்று சத்தம் போட்டது. மழைக்காலத்தில் ஏற்காட்டில் எதுதான் சத்தம் போடாது? தகரக் கூரை போடும், ஊறிப்போன கதவு போடும், ஜலதோஷம் பிடித்த என் வீட்டுக்காரர் போடுவார். அந்தக் கூட்டத்தில் இதையும் சேர்த்துவிட்டு நான் ஒரு வளைகாப்புப் பத்திரிகைக்கு வந்தவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். என் நாத்தனார்தான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து பெட்டியின் மேல் காதை வைத்தாள். பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“அண்ணி, ஹார்ட் டிஸ்க் போகப் போகுதுங்க,” என்றாள். சொன்ன கையோடு கணினியை அணைத்துவிட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நானும் என் வீட்டுக்காரரின் தங்கையும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சர்ச் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள், மே மாதம் பிறந்தால் சேர்வராயன் கோயில் திருவிழா அழைப்பு என்று அத்தனையும் எங்கள் ஒற்றைக் கணினி வழியாகத்தான் போகும். அவள் சேலத்தில் கணினி படித்துவிட்டு வந்தவள். கணினியிடம் பொறுமையாக இருப்பது அவள் வேலை, கஸ்டமரிடம் சண்டை போடுவது என் வேலை. அவரவர் வேலையில் இரண்டு பேருமே கெட்டிக்காரிகள்.

“இனிமே சும்மா சும்மா ஆன் பண்ணக் கூடாதுங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சங் கொஞ்சமாப் போயிரும்,” என்றாள். உள்ளே இருந்த பத்திரிகைகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கல்யாணம் முடிந்தவர்கள் திரும்பவும் அச்சடிக்கக் கேட்டு வரப்போவதில்லை. எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது டிரைவர் அண்ணாவின் நாவல்.

அவர் கொட்டச்சேடு பக்கம் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் அங்கே போய்த் திரும்புவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கும். கண்டக்டர் டீக்கடைக்குப் போவார். இவர் ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுவார். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை. ஓர் அத்தியாயம் முடிந்ததும் தாள்களை மடித்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருவார். நாத்தனார் அதை அடித்து, திருத்தம் பார்க்கப் பிரதி எடுத்துக் கொடுப்பாள். அவர் திருத்திக்கொண்டு வருவார். இப்படியே ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடி, நாவல் அப்போதுதான் முடிந்திருந்தது.

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் அந்த நாவலைப் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். அவர் மனைவிக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. “தேங்காயின்னா சட்டினிக்காச்சும் ஆகும்,” என்று கடைக்கே வந்து என்னிடம் முறையிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்த மனிதர் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு வெட்கம் வரும். அதைப் பார்த்துவிட்டு தேங்காய்க் கட்சியில் சேர எனக்கு மனசு வரவில்லை.

நாவலின் நகல் பிளாப்பியில் இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் துணி அலமாரிக்குள் பல்பு எரியவிடுவோம். இல்லாவிட்டால் பட்டுப்புடவையில் பூஞ்சணம் பூத்துவிடும். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எதையும் பத்திரப்படுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பிளாப்பிப் பெட்டியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துடைத்து, பல்பு அலமாரியில் பல்புக்கு ஒட்டினாற்போல் அடுக்கி வைத்திருக்கிறார். நாங்கள் போய் எடுத்தபோது ஒவ்வொன்றும் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

“ஈரம் போயிருச்சில்ல?” என்றார். அன்று இரவு அவருக்கு ரசம் மட்டும்தான்.

சரி, கையெழுத்துப் பிரதியாவது இருக்கும், திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் கேட்டோம். அவர் தொப்பலாக நனைந்த சட்டையோடு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அதை அடுப்புல போட்டாச்சுங்களே, அம்முணி.”

“எல்லாத்தையுமாங்கண்ணா?”

“ஆமாங்க. வெறகு பூராவும் நனைஞ்சு கெடக்குது, வெந்நி அடுப்பு பத்தவே மாட்டீங்குது. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமேலு தாளு எதுக்குன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அவகூட வேண்டாம்னுதான் சொன்னா.”

திருத்திய பிரதிகள்? அவையும் வெந்நீர் அடுப்பில்தான். ஐப்பசி மழையில் காய்ந்த தாளுக்கு எங்கள் ஊரில் இருக்கும் மரியாதை தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட எழுத்து கல்லில் வெட்டிய எழுத்து என்று அவர் நம்பியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர், “அப்படீங்களா,” என்று மட்டும் கேட்டுவிட்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறுதலடைந்திருப்பேன்.

நாவல் இருந்த ஃபைலை மட்டும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்தால் போதாதா என்று என் வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார். போதாது. நாங்கள் தமிழ் அடித்த மென்பொருள் ஒரு பிடிவாதக்கார ஜன்மம். நிறுவும்போது அதற்கென்று கொடுத்த சாவி பிளாப்பியைக் காட்டினால்தான் உட்காரும். உட்கார்ந்ததும் அந்த டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஓர் அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளும். அதில் அடித்ததை வேறு எதில் திறந்தாலும் கோழி கிளறின மாதிரி எழுத்து வரும். சாவி பிளாப்பியும் அப்பளக் கட்டில்தான் இருந்தது. அதைச் செய்து விற்றவர்களோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். ஆக, டிஸ்க்கை இருக்கிறபடியே, அந்த ரகசிய அடையாளம் உட்பட, ஒரு புள்ளி விடாமல் இன்னொரு டிஸ்க்கில் இறக்க வேண்டும். அதற்கு 'குளோன்' என்று பெயர் என்று நாத்தனார் சொன்னாள்.

சேலத்துக் கணினிக் கடைக்காரர் போனில், அதற்கென்று வெளிநாட்டு மென்பொருள் இருக்கிறது என்று சொல்லி, விலையும் சொன்னார். நான் மரியாதையாகப் போனை வைத்துவிட்டேன். நாத்தனார் மறுநாளே சேலத்துக்கு இறங்கிப்போய் ஒரு புது டிஸ்க்கும், பஸ் ஸ்டாண்டில் ஒரு கணினிப் பத்திரிகையும் வாங்கி வந்தாள். பத்திரிகையோடு ஒரு சி.டி. ஒட்டியிருந்தது. அதில் இலவச மென்பொருள்கள் நிறைய இருந்தன. டிஸ்க்கை நகலெடுக்கவே மூன்று!

“சும்மா குடுக்கறானா? சோப்புக்கு டப்பா குடுக்கற மாதிரி இருக்குது. அதுல போயி அவரு நாவலை வெப்பியா நீ?” என்றேன். இலவசம் என்றாலே எனக்கு ஒரு சந்தேகம். இன்றுவரை இருக்கிறது.

மூன்றையும் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமென்றால், பார்க்கப் பார்க்க டிஸ்க் செத்துவிடும். ஒரே ஒரு முறைதான் துணிய முடியும். அதனால் நாத்தனார் தான் படித்த பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்குப் போய், மூன்றுக்கும் கூடவே இருந்த விளக்கக் குறிப்புகளை மட்டும் அச்செடுத்து வந்தாள். கடையில் வேலை ஏது? இரண்டு பேரும் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவனத்தோடு அந்தத் தாள்களைப் படித்தோம்.

முதல் மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. உலகத்திலேயே வேகமானவன், அழகானவன், எல்லா டிஸ்க்கும் தனக்கு அத்துப்படி என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசித் தாளின் அடியில், பொடி எழுத்தில், இது முன்னோட்டப் பிரதி, பாதி டிஸ்க் வரைதான் எடுக்கும், மீதிக்குப் பணம் கட்டவும் என்று போட்டிருந்தது. பாதிக் கல்யாணம்! எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளில்தான் ஆரஞ்சுத் தோலைப் போட்டேன்.

இரண்டாவது நல்ல பிள்ளை. பார்வைக்கும் லட்சணமாக, படம் படமாக இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அது கோப்புகளை மட்டும்தான் எடுத்து வைக்கும். கண்ணுக்குத் தெரியாத அடையாளத்தை எடுக்காது. தவிர, வழியில் ஒரு கெட்டுப்போன இடம் தட்டுப்பட்டால் அத்தோடு நின்றுவிடுமாம்.

மூன்றாவதைப் பார்த்ததும் நான் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். குறிப்பு முழுக்க எச்சரிக்கை. தப்பான டிஸ்க்கைச் சொன்னால் எல்லாம் அழிந்துபோகும். அப்புறம் என்னைக் கேட்காதே. படமெல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. சில வகைக் கணினிகளில் ஓடாது, எவையெவை என்று நான் பார்த்தவரை சொல்லியிருக்கிறேன். கெட்ட இடம் வந்தால் பல தடவை முயன்று பார்ப்பேன். முடியாவிட்டால் அதைக் குறித்து வைத்துவிட்டு மேலே போவேன். இப்படியே இருந்தது.

“இது வேண்டாம் கண்ணு. பயமுறுத்துது,” என்றேன்.

“அண்ணி, இவருதான் தன்கிட்ட என்ன கொறைன்னு மொதல்லயே சொல்லியிருக்கறாரு. மத்த ரெண்டு பேரும் நம்மளாத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதா இருந்துச்சு,” என்றாள்.

“எல்லாம் அழிஞ்சிரும்னு எழுதியிருக்கானே!”

“தப்பாப் பண்ணுனாத்தானுங்க.”

ரொம்ப நேரம் சண்டை போட்டோம். நான் இரண்டாவதின் கட்சி. அழகாயிருக்கிறது, பதமாகப் பேசுகிறது. அவள் மூன்றாவதை விடவே இல்லை. கடைசியில் அவள் தாளின் கடைசிப் பத்தியைக் காட்டினாள். இதற்கு நான் பணம் கேட்கவில்லை, பயன்பட்டால் உங்கள் ஊர்ப் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார் அதைச் செய்தவர். எந்தத் தேசத்து மனிதரோ. அதைப் படித்ததும் என் கட்சி படுத்துவிட்டது. அஞ்சலட்டைக்கு ஆசைப்படுகிற மனிதன் ஏமாற்றுக்காரனாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அது ஒரு காரணமா என்று கேட்டால், அல்லதான்.

அன்று சாயங்காலம் டிரைவர் வந்தார். நாவலைப் பற்றிக் கேட்கவில்லை. மழையைப் பற்றி, கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்ததைப் பற்றிப் பேசினார். போகத் திரும்பியவர் படியில் நின்றுவிட்டார்.

“ஏனுங்க அம்முணி, கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?”

நான் படித்திருக்கவில்லை. நாத்தனார்தான், “நாந்தானுங்க அடிச்சேன். அந்தப் புள்ளை பாறை மேல இருந்து குதிச்சிருமே. அடிக்கறப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க,” என்றாள்.

“எழுதறப்ப நொம்பச் சுளுவாக் குதிக்க வெச்சுட்டேனுங்க. கதைன்னா கடைசியில யாராச்சும் சாகோணும்னு நெனச்சுட்டேன். இப்ப இந்தப் பொட்டியும் போச்சுன்னா அப்படி ஒரு புள்ளை இருந்துச்சுன்னே ஒருத்தருக்கும் தெரியாது. வண்டி ஓட்டறப்ப அதே நெனப்பா இருக்குதுங்க.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதுவரை எனக்கு அது ஒரு பெரிய டைப்பிங் வேலை மட்டும்தான். அன்று முதல் அந்தப் பெண் எங்கள் பெட்டிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

டிரைவருக்கு ஓய்வு நாளாகப் பார்த்து, காலையிலேயே வேலையை ஆரம்பித்தோம். மழை விட்டிருந்தது. நாத்தனார் பெட்டியைத் திறந்து பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் புது டிஸ்க்கையும் மாட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு புது பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த மென்பொருளைப் போட்டாள். டிரைவர் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். பிரசவ வார்டு வாசலில் நிற்பவர் மாதிரி வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

கறுப்புத் திரை வந்தது. இரண்டு கேள்விதான். எந்த டிஸ்க்கிலிருந்து? எந்த டிஸ்க்குக்கு? கீழே ஒன்று, இரண்டு என்று இரண்டு டிஸ்க்குகள். புதியது பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. அளவை வைத்து எது எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் எங்கள் பழைய கணினிக்கு அவ்வளவு பெரிய டிஸ்க்கை அளக்கத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே அளவைக் காட்டியது.

இடம் மாற்றிச் சொன்னால், காலியாக இருக்கும் புது டிஸ்க்கைப் பழையதன் மேல் நகலெடுத்துவிடும். நாவல் சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிடும், அதுவும் ஒரு புள்ளி விடாமல்.

“ஒண்ணுதானுங்க பழசா இருக்கோணும். மாட்டுன வரிசைப்படி பாத்தா,” என்றாள் நாத்தனார். விரல் மட்டும் பொத்தானுக்குப் போகவில்லை.

“இருக்கோணுமா, இருக்குதா?”

“தெரியலீங்க அண்ணி.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை. கறுப்புத் திரை மேல், பல்பு மேல், வெந்நீர் அடுப்பு மேல். கோபம் வந்தால் எனக்கு எதையாவது கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். திறந்த பெட்டிக்குள் கையை விட்டு டிஸ்க்கைப் பிடித்தேன். அது உள்ளே சுழல்வது கையில் தெரிந்தது. அப்போதுதான் ஒரு வழி என் மண்டைக்கு எட்டியது.

“ஏ கண்ணு, எழுதாம சும்மா படிக்க மட்டும் சொன்னாச் செய்யுமா இது?”

குறிப்பைப் புரட்டினாள். செய்யும் என்று இருந்தது. சோதனைக்காக ஒரு டிஸ்க்கைப் படித்துப் பார்க்கும்; எதையும் எழுதாது. நான் வலது கையைப் பழைய டிஸ்க் மேலும் இடது கையைப் புதியதன் மேலும் வைத்துக்கொண்டேன். அவள் ஒன்றாம் டிஸ்க்கைப் படிக்கச் சொன்னாள். என் வலது உள்ளங்கைக்குக் கீழே 'டக், டக்'. இடது கையில் ஒன்றுமில்லை. உடனே நிறுத்திவிட்டாள். ஒன்றாம் டிஸ்க்தான் நம் நோயாளி.

“ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு,” என்று நான் சத்தமாகச் சொன்னேன். வெளியிலிருந்து டிரைவரும், “ஒண்ணுல இருந்து ரெண்டுக்குங்க!” என்று எங்களுக்கே திருப்பிச் சொன்னார். பொத்தானை அழுத்தினாள்.

திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்தோம், பிறகு பார்க்க முடியவில்லை. நாத்தனார் ஏரிப் படம் போட்ட அஞ்சலட்டையை எடுத்து, முன்கூட்டியே நன்றி எழுதினால் தப்பில்லையே என்று கேட்டுக்கொண்டே எழுதினாள். நடுவில் கரண்ட் போய், யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தியது. மூன்று பேரும் கல்லாய் நின்றோம். அதிசயமாக உடனே வந்துவிட்டது. மின்வாரியத்தை வாழ்த்தியது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். பிறகு எண் ஓரிடத்தில் நின்றது. டிஸ்க் டக் டக்கென்று அடித்துக்கொண்டது. மென்பொருள் விடவில்லை; திரும்பத் திரும்ப அதே இடத்தை முயன்றது. கடைசியில், இதை எடுக்க முடியவில்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே நகர்ந்தது. இப்படி அங்கங்கே சில இடங்கள். அழகானதாகப் பார்த்துத் தேர்ந்திருந்தால் முதல் இடத்திலேயே மூட்டையைக் கட்டியிருக்கும் என்று நாத்தனார் சொல்லவில்லை. சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது அதைவிட மோசம்.

மத்தியானம் 'முடிந்தது' என்று வந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஆன் செய்தாள். தமிழ் மென்பொருள் சாவி கேட்காமல் திறந்தது. தான் வேறு வீட்டுக்குக் குடிவந்திருப்பதே அதற்குத் தெரியவில்லை. எடுக்க முடியாத இடங்களில் என்ன இருந்தது என்று பின்னால் தேடிப் பார்த்தோம். எட்டாம் வகுப்பு அறிவியல் கேள்வித்தாள் ஒன்று போயிருந்தது. பிள்ளைகள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

நாவலைத் திறந்தாள். முதல் பக்கம், முதல் வரி, எழுத்துப் பிசகில்லாமல் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே, “உள்ள வாங்கண்ணா, வந்து பாருங்க!” என்று கத்தினேன்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதல் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

“கடைசிக்குப் போங்க அம்முணி,” என்றார். நாத்தனார் போனாள். பாறை, பனிமூட்டம், அந்தப் பெண். நின்றபடியே படித்தார். “இந்த எடத்துல இருந்து அழிச்சிருங்க.”

“அழிக்கறதா!” நாத்தனார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். “இதுக்காங்கண்ணா இவ்வளவு பாடுபட்டோம்?”

“அவ குதிக்க வேண்டாமுங்க,” என்றார். “பொழைச்சு வந்தவளைத் திரும்பத் தள்ளி உடச் சொல்றீங்களா? நாஞ் சொல்றேன், நீங்க அடிங்க.”

நாத்தனார் உட்கார்ந்தாள். அவர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, அவள் அடித்தாள். அந்தப் பெண் பாறையிலிருந்து பின்வாங்குகிறாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கி ரோட்டுக்கு வருகிறாள். மூட்டத்துக்குள்ளிருந்து பஸ்ஸின் விளக்கு தெரிகிறது. கையை நீட்டுகிறாள். பஸ் நிற்கிறது.

“பஸ்ஸுல எடம் இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள் நாத்தனார், அடிப்பதை நிறுத்தாமல்.

“எடமில்லாட்டி என்னங்க? டிரைவர் பக்கத்துல பானெட் மேல உக்காந்துக்குவா. இன்ஜின் சூட்டுல கதகதன்னு இருக்கும்.”

எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. “கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லுங்கண்ணா. வளைவுல விழுந்துரப் போறா,” என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“நான் ஓட்டற வண்டியிலீங்களா?” என்றார்.